நாலு வாரமும் அதற்கு முந்தைய வருடங்களும்

கசுவோ இஷிகுரோ ‘த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ நாவலை நாலே வாரத்தில் எழுதிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. எழுத ஆசைப்படுகிறவர்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார். கேட்பவருக்கு உடனே லீவு போட்டு, போனை அணைத்து, கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றும். பேச்சு பொய்யில்லை. 2014இல் ‘கார்டியன்’ நாளிதழில் இஷிகுரோவே எழுதியதுதான். ஆனால் அவர் எழுதியதை முழுக்கப் படித்தால், அந்த நாலு வாரம் பிரசவ வலி மட்டும்தான் என்று தெரியும். கரு உண்டானது பல வருடங்களுக்கு முன்னால்.

முதலில் அந்த நாலு வாரத்தைப் பார்த்துவிடலாம். 1987 கோடைக்காலம். தெற்கு லண்டனில் சிடனம் என்ற பகுதி, புதிதாகக் குடிவந்த வீடு. இஷிகுரோவுக்கு வயது 32. முந்தைய வருடம் வந்த இரண்டாவது நாவல் விட்பிரெட் பரிசு வாங்கியிருந்தது, புக்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்திருந்தது. வினையும் கூடவே வந்தது. விருந்துக்குக் கூப்பிட்டார்கள், வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள், தபால் மலையாகக் குவிந்தது. அடுத்த நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியும் வேலை நகரவில்லை. அவரும் மனைவி லோர்னாவும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிராஷ்’. திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுத்து, எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம். தபாலைப் பார்ப்பதில்லை, போன் பக்கம் போவதில்லை, வீட்டுக்கு யாரும் வருவதில்லை. சமையலிலும் வீட்டு வேலையிலும் அவர் பங்கையும் சேர்த்து லோர்னாவே பார்த்துக்கொள்வார். (நாலு வாரக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். லோர்னாவுக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது.)

மாடிப்படி திரும்பும் இடத்தில் பெரிய அலமாரி அளவுக்கு ஓர் அறை, அதற்குக் கதவு கிடையாது. முதல் இரண்டு நாவல்களும் சாப்பாட்டு மேசையில் எழுதப்பட்டவை என்பதால் இதுவே அவருக்குப் பெரிய ஆடம்பரம். உரிந்துபோன சுவரெல்லாம் குறிப்புகளை ஒட்டினார். காலையில் எழுதியதை மாலையில் எழுதியது மறுத்தால் மறுக்கட்டும், வாக்கியம் சகிக்கவில்லையா, கிடக்கட்டும் என்று எழுதித் தள்ளினார். மூன்றாம் நாளே ஆள் ஒரு மாதிரி நடந்துகொள்வதாக லோர்னா சொன்னார். முதல் ஞாயிற்றுக்கிழமை வெளியே போனபோது, சிடனம் கடைத்தெரு சரிவாக இருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். இறங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள், ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குகிறார்கள், இவர் நின்று சிரிக்கிறார். இன்னும் மூன்று வாரம் பாக்கியிருக்கிறதே என்று லோர்னாவுக்குக் கவலை.

முடிவில் நாவல் கிட்டத்தட்ட முழுதாகக் கையில் இருந்தது. அதைச் சரியாக எழுதியெடுக்க மேலும் நிறையக் காலம் பிடித்தது. புத்தகம் வந்தது 1989இல். அந்த வருடமே புக்கர்.

நாவலைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நமக்கு பட்லர் என்றால் துரை பங்களாச் சமையல்காரர் ஞாபகம் வரலாம். இங்கிலாந்துப் பிரபு மாளிகையிலோ பட்லர் வேலையாட்களுக்குத் தலைவர். ஸ்டீவன்ஸ் அப்படிப்பட்டவர். 1923இல் மாளிகையில் பெரிய மனிதர்களின் மாநாடு நடக்கிறது. மாடியில் அவருடைய அப்பா செத்துக்கொண்டிருக்கிறார். கீழே மகன் மது பரிமாறிக்கொண்டிருக்கிறார். அழுகிறாயா என்று எஜமானர் கேட்டபிறகுதான் அவர் முகத்தில் கண்ணீர் இருப்பதே நமக்குத் தெரிகிறது. கதையைச் சொல்லும் ஸ்டீவன்ஸ் அதைச் சொல்வதில்லை. அந்த எஜமானர் பின்னால் நாஜிகளின் கைப்பாவையாகிறார். 1956இல், பழைய சகா மிஸ் கென்டனைப் பார்க்க ஸ்டீவன்ஸ் கார் ஓட்டிக்கொண்டு மேற்கே போகும் பயணம்தான் கதை.

இவ்வளவு இறுக்கமான மனிதர் பிறந்தது ஒரு வேடிக்கைப் பேச்சில். 1982இல் இஷிகுரோவின் முதல் நாவல் வந்த சமயம், பேட்டி எடுக்க ஒரு பத்திரிகையாளர் வீட்டுக்கு வரவிருந்தார். அவர் வந்து நாவலைப் பற்றிக் கனமாகக் கேள்வி கேட்கும்போது நீங்கள் என்னுடைய பட்லர்போல நடித்தால் எப்படியிருக்கும் என்று லோர்னா கிண்டலாகச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். இஷிகுரோவை மட்டும் அந்த பட்லர் விடவில்லை. அடுத்து, சேனல் ஃபோர் தொலைக்காட்சிக்கு அவர் எழுதி 1984இல் ஒளிபரப்பான நாடகத்தின் நாயகனும் ஒரு பட்லர்தான்.

இஷிகுரோ மாளிகைக்காரர் அல்லர். நாகசாகியில் 1954இல் பிறந்து, கடலாராய்ச்சியாளரான அப்பாவின் வேலை காரணமாக 5 வயதில் இங்கிலாந்தில் கில்ஃபோர்டு என்ற ஊருக்கு வந்தவர். கிதாரும் கையுமாகப் பாட்டு எழுதித் திரிந்தவர். 1973இல் பால்மோரல் அரண்மனை எஸ்டேட்டில் அப்போதைய பிரிட்டன் ராணியின் தாயார் நடத்திய வேட்டைக்காகப் புதரிலிருந்து பறவைகளைக் கிளப்பிவிடும் கூலிவேலை பார்த்திருக்கிறார். நாவலுக்கும் அதற்கும் நேராகக் கோடு போட முடியாது. ஆனாலும் எஜமானர்களை வேலையாள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்த ஆள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதையெல்லாம்விட ஆழமான வேர் ஒன்று இருக்கிறது. 1981இல் சல்மான் ருஷ்டியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ புக்கர் வாங்கியதும், லண்டன் பதிப்பாளர்கள் அடுத்த ருஷ்டியைத் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானிய முகமும் பெயரும் தனக்கு அப்போது கைகொடுத்ததாக இஷிகுரோவே சொல்லியிருக்கிறார். அதே முகம் தொல்லையாகவும் ஆனது. இரண்டாவது நாவலில் வரும் ஓவியர் ஓனோ, ஜப்பானியப் பேரரசின் போர்ப் பிரச்சாரத்துக்குத் தன் கலையைக் கொடுத்தவர். தோல்விக்குப் பிறகு தன் வாழ்க்கை வீணா என்று திரும்பிப் பார்க்கிறார். வாசித்தவர்கள் இதை ஜப்பானியர் விவகாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். மனிதன் வேலையில் வாழ்க்கையைத் தொலைப்பதை மட்டும்தான் எழுதினோம், அன்பில் தொலைப்பதை எழுதவில்லை என்ற குறையும் அவருக்கு இருந்தது. அதனால் அதே கதையை மறுபடி எழுதினார். இந்த முறை கிமோனோ இல்லை. ஆங்கிலேயர்கள் தங்களுடையது என்று மார்தட்டும் மாளிகைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். முதல் நாவலையும் சேர்த்து, ஒரே புத்தகத்தை மூன்று முறை எழுதிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன் என்று பின்னாளில் ‘பாரிஸ் ரிவ்யூ’ பேட்டியில் சொன்னார். தன்னடக்கம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. நாலு வாரத்தில் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஸ்டீவன்ஸின் குரலையும் காட்சிகளையும்தான். ஏமாந்த முதியவர் ஒருவர், தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளாமலே வாசகருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் வித்தை அதற்குள் அவருக்குக் கைவந்திருந்தது.

நாவலுக்கான படிப்பும் முடிந்திருந்தது. வேலையாட்கள் எழுதிய புத்தகங்கள், இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்து அரசியல், ஹரால்டு லாஸ்கி (நம் கிருஷ்ண மேனனின் ஆசிரியர்) கனவான்களைச் சாடி எழுதிய கட்டுரை. சிடனம் பகுதியிலிருந்த கிர்க்டேல் புக்ஸ் என்ற கடையில், 1930களிலும் 50களிலும் வந்த கிராமப்புற வழிகாட்டி நூல்களைப் பழைய புத்தக அலமாரியிலிருந்து அள்ளியிருந்தார். ஸ்டீவன்ஸின் கார் போகும் சாலைகள் அங்கே கிடைத்தவை.

கடைசிக் கட்டத்தில் இரண்டு விஷயங்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தன. நாவல் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒரு மாலை, டாம் வெய்ட்ஸ் பாடிய ‘ரூபிஸ் ஆர்ம்ஸ்’ பாட்டைக் கேட்டார். தூங்கும் காதலியை விட்டுவிட்டு விடியலில் ரயிலேறப் போகும் முரட்டு ஆளின் பாட்டு. நடுவில் ஒரு கணம் அவன் உடைகிறான். ஸ்டீவன்ஸைக் கடைசிவரை உடையாமல் வைத்திருப்பது என்ற முடிவை இஷிகுரோ அதன்பிறகு மாற்றினார். மிஸ் கென்டனோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், ஒரே ஒருமுறை, ஸ்டீவன்ஸ் தன் துக்கத்தை ஒப்புக்கொள்கிறார். நாவலை நினைக்கும்போதெல்லாம் பலருக்கு முதலில் ஞாபகம் வருகிற இடம் ‘கிராஷ்’ தந்தது அல்ல.

இன்னொன்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஓர் இலக்கிய விழாவுக்குப் போனவர் கடற்கரையில் சக எழுத்தாளர்களோடு உட்கார்ந்திருந்தார். முடியப்போகும் நாவலுக்குத் தலைப்பில்லை என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொல்லத் தொடங்கினார்கள். இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி சொன்ன தலைப்பு மாட்டிறைச்சித் துண்டு ஒன்றின் பெயர். இது பட்லர் கதையப்பா என்று இஷிகுரோ திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. டச்சுக் கவிஞர் யூடித் ஹெர்ட்ஸ்பெர்க் மட்டும், கனவுகளைப் பற்றி ஃபிராய்டு பயன்படுத்திய ஒரு சொல்லை வாய்க்கு வந்தபடி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். அட்டையில் ஏறியது அதுதான். இஷிகுரோ புக்கர் வாங்கி மூன்று வருடம் கழித்து ஒண்டாச்சியும் அதை வாங்கினார்.