ரொமாரியோ
ரொமாரியோ டி சோசா ஃபாரியா (பிறப்பு: ஜனவரி 29, 1966) பிரேசில் நாட்டைச் சேர்ந்த முன்னாள் காற்பந்தாட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். ரொமாரியோ என்ற ஒற்றைப் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். 1994 ஆம் ஆண்டு உலகக்கோப்பையை வென்ற பிரேசில் அணியின் முன்கள வீரரான இவர், அத்தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தையும் அதே ஆண்டின் ஃபிஃபா உலகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். பிரேசில் அணிக்காக 70 ஆட்டங்களில் 55 கோல்கள் அடித்துள்ளார். பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின், கத்தார், அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஆஸ்திரேலியா ஆகிய ஆறு நாடுகளில் கழக ஆட்டங்களை ஆடியவர். இவர் ஆயிரம் கோல்கள் அடித்தாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

இளமை

ரியோ டி ஜனெய்ரோ நகரின் ஜக்கரேசீஞ்ஞோ என்ற ஏழ்மையான குடியிருப்பில் ரொமாரியோ பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் அதே நகரின் விலா ட பென்யா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை எதெவாயிர் அங்கு சிறுவர்களுக்காக ஒரு சிறிய அணியை நடத்தினார். ரொமாரியோ முதலில் ஆடியது அதில்தான். பின்னர் ஒலாரியா கழகத்தின் இளையோர் அணியிலும், அங்கிருந்து ரியோவின் பெருங்கழகங்களில் ஒன்றான வாஸ்கோ ட காமாவிலும் சேர்ந்தார். உயரம் சுமார் 1.67 மீட்டர் மட்டுமே என்பதால் 'குள்ளன்' எனப் பொருள்படும் 'பைஷீஞ்ஞோ' என்ற செல்லப்பெயர் இவருக்கு நிலைத்துவிட்டது.

1985 இல் வாஸ்கோவின் முதல் அணியில் இடம் பெற்றார். அவ்வணியின் மூத்த கோல் வீரர் ரொபேர்த்தோ தினமிச்சியுடன் இணைந்து ஆடி, 1987, 1988 ஆண்டுகளில் ரியோ மாநில வாகையர் பட்டத்தை வென்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு கோல்களுடன் தொடரிலேயே அதிக கோல் அடித்தவர் இவரே. இறுதியாட்டத்தில் இவர் ஒரு கோல் அடித்தும் பிரேசில் 1-2 என சோவியத் ஒன்றியத்திடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது.

ஆட்டமுறை

ரொமாரியோ அதிகம் ஓடாத வீரர். பந்து தம் அணியிடம் இல்லாதபோது பெரும்பாலும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருப்பார். பயிற்சியிலும் ஆர்வம் காட்டுவதில்லை என்று பயிற்றுநர்கள் பலர் குறைபட்டுக்கொண்டனர். ஆனால் கோல் கம்பத்தை அண்மிய பகுதியில், மிகக் குறுகிய தொலைவுக்குள் இவரது விரைவுக்கு ஈடுகொடுத்த தடுப்பாளர்கள் குறைவு. பந்தை வலுவாக உதைப்பதைவிட, கோல் காப்பாளர் அடியெடுத்து வைக்கும் முன்பே காலின் முன்விரலால் தட்டிவிடுவதே இவரது வழக்கம். காப்பாளர் எதிர்பாராத கணத்தில் பந்து புறப்பட்டுவிடுவதால் மெதுவாகச் சென்ற பந்துகளும் கோலாயின. வேகத்தை நம்பி ஆடிய வீரர்கள் பலர் முப்பது வயதைத் தாண்டியதும் மங்கிப்போக, இவர் 39 வயதிலும் பிரேசில் தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தவராக விளங்கியதற்கு இம்முறை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

ஐரோப்பாவில்

1988 இல் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் கழகம் இவரை வாங்கியது. அக்கழகம் அப்போதுதான் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. ஐந்து பருவங்களில் 109 லீக் ஆட்டங்களில் 98 கோல்கள் அடித்தார். மூன்று முறை லீக் பட்டம் வென்ற அணியில் இருந்தார். குளிர்காலத்தையும் கட்டுப்பாடுகளையும் இவர் விரும்பவில்லை. விடுமுறைக்கு ரியோ சென்றால் தாமதமாகத் திரும்புவது வழக்கமாயிற்று. எனினும் கோல்கள் வந்துகொண்டிருந்ததால் கழகம் பொறுத்துக்கொண்டது.

1993 இல் யோகான் கிரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனாவில் சேர்ந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே ரியல் சோசியதாத் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். 1994 ஜனவரி 8 அன்று ரியல் மாட்ரிட் அணியை 5-0 என வீழ்த்திய ஆட்டத்திலும் மூன்று கோல்கள். அவற்றுள் முதலாவது, தடுப்பாளர் அல்கோர்த்தாவைத் தம் முதுகுப்புறம் வைத்து, பந்தைக் காலோடு ஒட்டியபடியே அரைவட்டமாகச் சுழற்றி அவரைக் கடந்து அடித்ததாகும். ஸ்பெயினில் 'பசுவின் வால்' என்று பெயர் பெற்ற இந்த அசைவு இன்றும் இவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அப்பருவத்தில் 33 லீக் ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்து ஸ்பெயினின் அதிக கோல் வீரரானார். பார்சிலோனா கடைசி நாளில் லீக் பட்டத்தை வென்றது. நான்கு நாட்கள் கழித்து ஏதென்சில் நடந்த ஐரோப்பிய வாகையர் இறுதியாட்டத்தில் மிலான் அணியிடம் 0-4 எனத் தோற்றது.

தேசிய அணி

1989 கோப்பா அமெரிக்கா தொடரின் முடிவாட்டம் மரக்கானா அரங்கில் ஜூலை 16 அன்று நடந்தது. 1950 உலகக்கோப்பையை அதே அரங்கில், அதே தேதியில் உருகுவேயிடம் இழந்த நினைவு பிரேசிலியருக்கு ஆறாத வடுவாகும். இம்முறை உருகுவேக்கு எதிராகப் பிரேசில் 1-0 என வென்றது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டி அடித்தவர் ரொமாரியோ. 1990 உலகக்கோப்பைக்குச் சில மாதங்கள் முன்பு கால் எலும்பு முறிந்ததால் அத்தொடரில் ஓர் ஆட்டத்தில் மட்டுமே ஆட முடிந்தது.

1992 டிசம்பரில் ஜெர்மனிக்கு எதிரான நட்புப் போட்டிக்காக நெதர்லாந்திலிருந்து வந்தவரை, பயிற்றுநர் கார்லோஸ் அல்பேர்த்தோ பறெய்ரா மாற்று வீரர் இருக்கையில் அமர்த்தினார். உட்கார்வதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று இவர் வெளிப்படையாகக் கூறியதால் அணியிலிருந்து நீக்கப்பட்டார். உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசில் பொலிவியாவிடம் தோற்றுத் தடுமாறியபோது, இவரை மீண்டும் அழைக்கவேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. உருகுவேக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு மட்டும் பறெய்ரா இவரை அழைத்தார். 1993 செப்டம்பர் 19 அன்று மரக்கானாவில் பிரேசில் 2-0 என வென்றது. இரண்டு கோல்களும் ரொமாரியோவுடையவை.

1994 மே மாதம், உலகக்கோப்பைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், தந்தை எதெவாயிர் ரியோவில் கடத்தப்பட்டார். சில நாட்களுக்குப் பின் காவல்துறையினர் அவரை உயிருடன் மீட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த அத்தொடரில் ரொமாரியோ ரஷ்யா, கமரூன், நெதர்லாந்து அணிகளுக்கு எதிராகத் தலா ஒன்றும், சுவீடனுக்கு எதிராக இரு ஆட்டங்களில் இரண்டுமாக ஐந்து கோல்கள் அடித்தார். இவற்றுள் அரையிறுதியில் சுவீடனின் உயரமான தடுப்பாளர்களுக்கு இடையே எழும்பித் தலையால் அடித்தது ஆட்டத்தின் ஒரே கோல். இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டம் கோல் இன்றி முடிந்து தண்ட உதைகளுக்குச் சென்றபோது, தம் உதையைத் தவறாமல் கோலாக்கினார். 24 ஆண்டுகளுக்குப் பின் பிரேசில் உலகக்கோப்பையை வென்றது.

இதற்குப் பின் எந்த உலகக்கோப்பையிலும் இவர் ஆடவில்லை. 1997 இல் ரொனால்டோவுடன் இணைந்து ஆடிய காலம் பிரேசிலியரால் 'ரோ-ரோ' என அழைக்கப்பட்டது. அவ்வாண்டு கான்பெடரேசன் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவை 6-0 என வென்றபோது இருவரும் தலா மூன்று கோல்கள் அடித்தனர். ஆனால் 1998 உலகக்கோப்பை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, கெண்டைக்கால் காயத்தைக் காரணம் காட்டிப் பயிற்றுநர் சகாலோவும் ஒருங்கிணைப்பாளர் சீக்கோவும் இவரை விடுவித்தனர். செய்தியாளர் முன் அழுத ரொமாரியோ, பின்னர் ரியோவில் தாம் நடத்திய மதுவகத்தின் கழிப்பறைக் கதவுகளில் அவ்விருவரின் கேலிச்சித்திரங்களை வரையச் செய்தார். அது நீதிமன்றம் வரை சென்றது. 2002 இல் பொதுமக்கள் பெரிதும் வற்புறுத்தியும் பயிற்றுநர் ஸ்கொலாரி இவரைச் சேர்க்கவில்லை. கண் அறுவைச் சிகிச்சையைக் காரணம் கூறி 2001 கோப்பா அமெரிக்காவிலிருந்து விலகிய ரொமாரியோ, அதே சமயத்தில் தம் கழகத்துடன் மெக்சிகோவில் ஆடியது ஸ்கொலாரியின் மனத்தாங்கலுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. அவர் இல்லாமலேயே பிரேசில் அக்கோப்பையை வென்றது. 2005 ஏப்ரல் 27 அன்று சாவோ பாவுலோவில் குவாத்தமாலாவுக்கு எதிரான பிரியாவிடை ஆட்டத்தில் ஒரு கோல் அடித்து விடைபெற்றார்.

ரியோவுக்குத் திரும்புதல்

உலகச் சிறந்த வீரராக இருந்தபோதே, 1995 ஜனவரியில் ரொமாரியோ ஐரோப்பாவை விட்டு ரியோவின் ஃபிளமெங்கோ கழகத்துக்கு வந்தது அக்காலத்தில் வியப்பாகப் பார்க்கப்பட்டது. சிறந்த பிரேசிலிய வீரர்கள் ஐரோப்பாவை நோக்கிச் சென்ற காலம் அது. அது ஃபிளமெங்கோவின் நூற்றாண்டு. எனினும் அவ்வாண்டு மாநிலப் பட்டம் ஃபுளுமினென்ஸ் அணிக்கே சென்றது. அதன் வெற்றிக் கோல், ரெனாத்தோ கவூஷோவின் வயிற்றில் பட்டுச் சென்ற பந்து. இடையில் இரு முறை ஸ்பெயினின் வலேன்சியாவுக்குச் சென்றும் பயிற்றுநர்களோடு ஒத்துப்போகாமல் திரும்பிவிட்டார். 1999 இறுதியில் ஃபிளமெங்கோவை விட்டு மீண்டும் வாஸ்கோவில் சேர்ந்தார்.

இக்காலத்தின் ஆட்டங்களில் சிறந்தது எனக் கூறத்தக்கது 2000 டிசம்பர் 20 அன்று சாவோ பாவுலோவில் நடந்த மெர்கோசூர் கோப்பை இறுதியாட்டமாகும். இடைவேளையின்போது வாஸ்கோ 0-3 எனப் பால்மெய்ராஸ் அணியிடம் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது 4-3 என வாஸ்கோ வென்றிருந்தது. மூன்று கோல்கள் ரொமாரியோவுடையவை. கடைசிக் கோல் கூடுதல் நிமிடங்களில் விழுந்தது.

2002 இல் ஃபுளுமினென்சுக்குச் சென்றதன் மூலம் ரியோவின் நான்கு பெருங்கழகங்களுள் மூன்றுக்கு ஆடியவரானார். பொத்தாஃபோகோ மட்டுமே எஞ்சியது. இடையே 2003 இல் கத்தாரின் அல்-சாத் கழகத்தில் பெரும் ஊதியத்துக்கு மிகக் குறுகிய காலம் இருந்தார். அங்கு கோல் எதுவும் அடிக்கவில்லை. 2005 இல் மீண்டும் வாஸ்கோவில் 22 கோல்களுடன் தேசிய லீக்கின் அதிக கோல் வீரரானார்.

ஆயிரம் கோல்

நாற்பது வயதை எட்டிய ரொமாரியோவின் கடைசிப் பயணங்கள் ஓர் எண்ணை நோக்கியவை. பெலே தம் ஆயிரமாவது கோலை 1969 நவம்பர் 19 அன்று மரக்கானாவில் வாஸ்கோவுக்கு எதிராகத் தண்ட உதை மூலம் அடித்திருந்தார். அவ்வெண்ணைத் தாமும் எட்ட விரும்பி, 2006 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய மயாமி எப்.சி. கழகத்தில் சேர்ந்து 19 கோல்கள் அடித்தார். அவ்வாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு யுனைட்டெட் அணிக்காக நான்கு ஆட்டங்களில் ஆடி ஒரே ஒரு கோல் அடித்தார்.

2007 இல் மூன்றாம் முறையாக வாஸ்கோவுக்குத் திரும்பினார். மார்ச் 25 அன்று ஃபிளமெங்கோவுக்கு எதிராக 999 ஆவது கோல் வந்தது. அடுத்த கோலுக்கு ஏறத்தாழ இரு மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. மே 20 அன்று சாவோ ஜனுவாரியோ அரங்கில் ஸ்போர்ட் ரெசிஃபே அணிக்கு எதிராகக் கிடைத்த தண்ட உதையை அவர் கோலாக்கியதும் களம் செய்தியாளர்களால் நிறைந்து ஆட்டம் நின்றது. பெலேயின் ஆயிரமாவது கோல் வாஸ்கோவுக்கு எதிரானது, ரொமாரியோவின் ஆயிரமாவது கோல் வாஸ்கோவுக்காக. இரண்டும் தண்ட உதைகள்.

இக்கணக்கு ரொமாரியோ தாமே வைத்திருந்தது. இளையோர் அணிகளில் அடித்தவை, நட்புப் போட்டிகளிலும் காட்சிப் போட்டிகளிலும் அடித்தவை ஆகியனவும் இதில் அடங்கும். ஃபிஃபா வாழ்த்துத் தெரிவித்தபோதும், அலுவல்முறையாக 929 கோல்களையே குறிப்பிட்டது. புள்ளிவிவரத் தொகுப்பாளர்கள் முதல் அணியின் போட்டி ஆட்டங்களை மட்டும் எண்ணும்போது தொகை 800-க்கும் கீழே இறங்குகிறது. பெலேயின் கணக்கிலும் இராணுவ அணி ஆட்டங்களும் நட்புப் போட்டிகளும் சேர்ந்துள்ளன என்பதை மறக்கலாகாது. எனவே ரொமாரியோவின் எண்ணை மட்டும் பொய் என்பது முறையாகாது. எவ்வகை ஆட்டங்களை எண்ணுவது என்பதைப் பொறுத்தே விடை மாறும். ஒப்பிடுவோர் இருவருக்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளவேண்டும்.

அதே ஆண்டின் இறுதியில் முடி உதிர்வுக்காக உட்கொண்ட மருந்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாகத் தடைவிதிக்கப்பட்டு, 2008 தொடக்கத்தில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2008 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

பிற்காலம்

தந்தை எதெவாயிர் 2008 இல் காலமானார். அவர் 'அமெரிக்கா' என்ற பெயருடைய ரியோவின் பழம்பெரும் கழகத்தின் ரசிகர். மகன் அதன் சீருடையில் ஆடவேண்டும் என்பது அவரது விருப்பம். 2009 நவம்பரில், மாநிலத்தின் இரண்டாம் நிலை லீக்கில் அக்கழகத்துக்காக ரொமாரியோ ஓர் ஆட்டத்தில் களமிறங்கி அவ்விருப்பத்தை நிறைவேற்றினார்.

2010 தேர்தலில் பிரேசில் சோசலிசக் கட்சி சார்பில் கீழவைக்கும், 2014 இல் ரியோ மாநிலத்திலிருந்து மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரது மகள்களில் ஒருவர் டவுன் நோய்க்கூட்டறிகுறியுடன் பிறந்தவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகவே அரசியலுக்கு வந்ததாக ரொமாரியோ கூறியுள்ளார். 2015 இல் நிறைவேறிய பிரேசிலின் உள்ளடக்கச் சட்டத்துக்கு மேலவையில் அறிக்கையாளராகவும் இருந்தார். 2014 உலகக்கோப்பைக்கான செலவுகளையும் பிரேசில் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையையும் கடுமையாகச் சாடினார். 2018 இல் மாநில ஆளுநர் தேர்தலில் தோற்றார். 2022 இல், இம்முறை லிபரல் கட்சி சார்பில், மீண்டும் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தந்தையின் கழகமான அமெரிக்காவின் தலைவராகப் பின்னர் பொறுப்பேற்ற ரொமாரியோ, 2024 இல் தம் 58 ஆவது வயதில், மகனுடன் ஒரே அணியில் ஆடும் எண்ணத்தோடு அதே கழகத்தில் மீண்டும் வீரராகப் பதிவு செய்துகொண்டார்.