க்ரியா பதிப்பகம்

க்ரியா, சென்னையிலிருந்து செயல்படும் தமிழ் நூல் வெளியீட்டு நிறுவனம். 1974இல் எஸ். ராமகிருஷ்ணனும் ஜெயலட்சுமியும் இதைத் தொடங்கினர். பெரிய முதலீடோ பாடநூல் விற்பனையோ இல்லாமல், குறைந்த எண்ணிக்கையில் நூல்களை வெளியிட்ட நிறுவனம் இது. கையெழுத்துப் பிரதியைச் செம்மைப்படுத்துவதைப் பதிப்பாளரின் முதல் வேலையாகக் கொண்டது இதன் தனித்தன்மை.

தொடக்கம்

ராமகிருஷ்ணன் விளம்பரத் துறையில் பணியாற்றியவர். 1970இல் வெளிவரத் தொடங்கிய ‘கசடதபற’ சிற்றிதழ்க் குழுவைச் சேர்ந்தவர். ‘க்ரியா’ ராமகிருஷ்ணன் என அறியப்பட்ட இவர், அதே பெயருள்ள நாவலாசிரியர் அல்லர். சிற்றிதழ்களில் எழுதியவர்களின் ஆக்கங்கள் நூலாவது அரிதாக இருந்த காலத்தில், ந. முத்துசாமி, மௌனி, சி. மணி முதலியோரின் நூல்களை க்ரியா வெளியிட்டது.

இலக்கிய வெளியீடுகள்

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), சம்பத்தின் ‘இடைவெளி’ (1984), திலீப் குமாரின் ‘மூங்கில் குருத்து’ (1985) ஆகியவை குறிப்பிடத்தக்க வெளியீடுகள். ஆங்கிலம் வழியாக அன்றி மூலமொழியிலிருந்தே மொழிபெயர்க்கச் செய்ததும் க்ரியாவின் சிறப்பு. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தும், காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்தும் தமிழாக்கினர். ‘குட்டி இளவரசன்’ பல மறுபதிப்புகள் கண்டது. ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற மருத்துவக் கையேடு, இலக்கியத்துக்கு வெளியே க்ரியா ஆற்றிய பணிக்கு எடுத்துக்காட்டு.

விருத்தாசலத் தொடர்பு

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் வசிப்பவர் எழுத்தாளர் இமையம். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவரின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தின் வாழ்வைச் சொல்லும் இந்நாவல், அப்பகுதியின் பேச்சுமொழியை அச்சில் ஏற்றியது; லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. ‘ஆறுமுகம்’, ‘செடல்’, ‘எங் கதெ’ ஆகியவற்றையும் க்ரியாவே வெளியிட்டது. தீக்காயமடைந்த மகளைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தவிக்கும் குடும்பத்தைப் பற்றிய ‘செல்லாத பணம்’ (2018) நாவலுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அகராதி

‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992இல் வெளிவந்தது. பழைய நிகண்டுகளையும் அகராதிகளையும் தொகுக்காமல், இன்றைய எழுத்தில் வழங்கும் சொற்களை எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் விளக்குவது இதன் முறை. மொழியியலாளர் இ. அண்ணாமலை தலைமை ஆலோசகராகவும், பா.ரா. சுப்பிரமணியன் முதல் பதிப்பின் ஆசிரியராகவும் இருந்தனர். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு (2008) இலங்கைத் தமிழ் வழக்குகளையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று ராமகிருஷ்ணன் கொரோனா தொற்றால் காலமானார்.

பிற பணிகள்

அகராதிப் பணியில் ஈடுபட்டவர்கள் ‘மொழி’ அறக்கட்டளை வழியாகத் தமிழ் எழுத்துநடைக்கான கையேட்டையும் உருவாக்கினர். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் நூல் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபின், சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக அமைந்ததிலும் ராமகிருஷ்ணனுக்குப் பங்கு உண்டு.