அபினும் தனிமனித சுதந்திரமும்

போதைப்பொருளைச் சட்டத்தினால் தடுக்க வேண்டுமா, அன்றி அதனைக் கொள்வதையும் தள்ளுவதையும் அவரவர் பொறுப்புக்கே விட்டுவிட வேண்டுமா என்னும் வினா இன்று பல நாடுகளிலே எழுந்துள்ளது. ஒருவனுடைய உடலுக்கு அவனே உரியவன். அதனைக் கெடுத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமையுண்டு என வாதிடுவோர் உளர். இவ்வாதம் புதியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, சீனத்தின் கரையில் பீரங்கிகளோடு வந்திறங்கிய வாதம் இது. அவ்வரலாற்றை அறியாது இவ்வினாவுக்கு விடை காண முயல்வது பொருந்தாது.

1859ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில், சுதந்திரம் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவனுடைய வாழ்வில் அரசோ சமூகமோ தலையிடலாகாது என்பதே அந்நூலின் மூலக் கருத்து. அதனை விளக்குமிடத்து, சீனத்தினுள் அபின் இறக்குமதியாவதைத் தடைசெய்தலையும் அவர் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அத்தகைய தடை விற்பவனின் சுதந்திரத்தையல்ல, வாங்குபவனின் சுதந்திரத்தையே பாதிக்கின்றது என்பது அவருடைய ஆட்சேபம்.

மில் நேர்மையான சிந்தனையாளர். கூலிக்கு எழுதியவர் என அவரைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. 1823 முதல் 1858 வரை அவர் பணியாற்றியது கிழக்கிந்தியக் கொம்பனியின் இலண்டன் அலுவலகத்திலாகும். அக்கொம்பனியே வங்காள அபினின் ஏகபோக உரிமையாளன்.

அந்த அபின் எவ்வாறு விளைந்தது? 1773 முதல் பீகார்ப் பகுதியின் அபின் கொம்பனியின் ஏகபோகமாயிற்று. அநுமதியின்றிக் கசகசாச் செடி பயிரிடுதல் குற்றம். அநுமதி பெற்ற உழவனோ விளைந்த அபின் முழுவதையும் கொம்பனி நிர்ணயித்த விலைக்கே கொடுத்தல் வேண்டும். அவ்விலை பல வேளைகளிற் பயிர்ச்செலவுக்கே போதாது. பயிரிட மறுக்கும் உரிமை சட்டத்தின் எழுத்திலே இருந்தது. முன்பணக் கடனும் நிலக்கிழாரின் வற்புறுத்தலும் அவ்வுரிமையை வெறும் எழுத்தாகவே வைத்திருந்தன. பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த ஆலைகளிற் பக்குவமாகிய அபின் பெட்டிகள் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டன. அங்கிருந்து தனி வணிகர் அவற்றைக் கப்பலேற்றிச் சீனக் கரையிலே கள்ளமாக இறக்கினர். கொம்பனியின் கப்பல்கள் அபினைச் சுமக்கவில்லை. கொம்பனியின் கருவூலமோ அதனால் நிறைந்தது.

சீன அரசு 1729ஆம் ஆண்டிலேயே அபின் விற்பனையைத் தடைசெய்திருந்தது. எனினும் 1838 அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40,000 பெட்டிகள் உள்ளே வந்தன. நாட்டின் வெள்ளி வெளியே ஓடிற்று. 1839இல் கன்ரன் நகருக்கு அனுப்பப்பட்ட ஆணையாளர் லின் செ-சு, அந்நிய வணிகரிடமிருந்து 20,000க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பெற்று, உப்பும் சுண்ணாம்பும் கலந்த குழிகளிற் கரைத்துக் கடலிலே விட்டார். பிரித்தானியா போர் தொடுத்தது. 1840இல் அப்போரைக் கண்டித்துப் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட பிரேரணை ஒன்பதே வாக்குகளால் தோற்றது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையின்படி சீனம் ஹொங்கொங்கை இழந்தது. 21 மில்லியன் டொலர் தண்டமும் செலுத்த நேர்ந்தது. இரண்டாம் அபின் போரின் இடையே, 1858இல், அபின் இறக்குமதி சட்டபூர்வமாக்கப்பட்டது. மறு ஆண்டிலே வெளிவந்ததுதான் மில்லின் நூல்.

இங்கே சுதந்திரம் எவருடையது? பீகார் உழவனுக்கு அது இல்லை. தன் துறைமுகத்தினுள் எது வரலாம் என்று தீர்மானிக்கும் சுதந்திரம் சீன மக்களுக்கும் இல்லை. வாங்குபவனின் உரிமை என்ற திரையின் பின்னே நின்றது விற்பவனின் இலாபமே.

ஆயின் தடையும் தண்டனையுமே தீர்வாகுமா? வரலாறு அதனையும் ஏற்கவில்லை. 1839இன் சீனச் சட்டம், அபின் புகைப்போருக்குப் பதினெட்டு மாதத் தவணை அளித்து, பின்னரும் திருந்தாதவருக்கு மரணதண்டனை விதித்தது. தடையின் நிழலிலே இலஞ்ச அதிகாரிகள் கொழுத்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920 முதல் 1933 வரை மதுவைத் தடைசெய்தபோதும் கள்ளச்சாராயக் கும்பல்களே செழித்தன. போதைக்கு அடிமையானவனைச் சிறையிலடைப்பதால் வணிகன் நட்டமடைவதில்லை. ஓர் ஏழைக் குடும்பமே உழைக்குங் கையை இழக்கிறது. இவ்வகையில் மில்லின் எச்சரிக்கையில் உண்மையுண்டு.

அதே நூலிலே மில் வேறொன்றையும் கூறியுள்ளார். ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் பெயரால் ஏற்க முடியாது என்பது அவர் முடிபு. சுதந்திரத்தையே துறப்பது சுதந்திரமாகாதன்றோ! இந்நியாயத்தை அவர் அபினுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. முதல் நாள் புகைத்தவன் விரும்பிப் புகைத்திருக்கலாம். ஆண்டுகள் பல கழிந்தபின் புகைப்பவன் விரும்பியா புகைக்கிறான்?

2001இல் போர்த்துக்கல் நாடு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முற்பட்டது. தனது பத்து நாள் உபயோகத்துக்கு மேற்படாத போதைப்பொருளை வைத்திருப்பவன் அங்கே குற்றவாளியாகான். அவன் சிறைக்கன்றி, ஆலோசனை கூறும் குழுவின்முன் அனுப்பப்படுகிறான். விற்பவன் மட்டும் குற்றவாளியாகவே நீடிக்கிறான்.

தனிமனித சுதந்திரம் முற்போக்காளர் இகழ்ந்து ஒதுக்கவேண்டிய பொருளன்று. அதனாலேயே அதனை வணிகனின் கையிலே விட்டுவிடலாகாது. பொறுப்பு என்னும் சொல்லை நுகர்பவனை நோக்கி மட்டும் உச்சரித்துவிட்டு, விளைவித்தவனையும், விற்றவனையும், அதன் வரியால் வாழ்ந்த அரசையும் விட்டுவிடுவது நீதியாகாது. பாட்னாவின் ஏடுகளில் உழவன் பெற்ற விலையும், கல்கத்தாவின் ஏலத்தில் அதற்குக் கிடைத்த விலையும் பதியப்பட்டிருந்தன. போதைப்பொருளைப் பற்றிப் பேசுகையில் நாம் முதலிற் படிக்கவேண்டியது அந்தக் கணக்கையே.