சுருட்டுப் பேழையும் ஈரமும்

சுருட்டுப் புகையிலை காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கும் பொருள். ஹவானாவில் சுருட்டு சுற்றியவர்களை இது அதிகம் வருத்தவில்லை. கியூபாவின் கடற்காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சுருட்டுகள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறி, குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தபோது தொல்லை தொடங்கியது. மேலிலை வெடித்தது, காய்ந்த சுருட்டு மளமளவென எரிந்து, புகை தொண்டையைச் சுட்டது.

ஹியூமிடார் எனப்படும் பேழை இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்தது. உட்புறம் பெரும்பாலும் 'ஸ்பானிய செடார்' பலகை. அமெரிக்க வெப்பமண்டலத்து மரமான இது, தாவரவியல்படி நம் வேம்பின் குடும்பம். ஈரத்தைத் தன்னுள் சேர்த்துவைத்து மெல்ல வெளிவிடும். அதன் மணமும் சுருட்டோடு ஒத்துப்போகும். மூடியின் அடியில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு இருந்தது. குழாய்நீர் ஊற்றினால் உப்புப் படிந்து துளைகள் அடைபட்டுவிடும்.

பஞ்சுக்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. மூடிய பேழைக்குள் ஈரம் ஏறி, ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு) 75 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பமும் கூடினால் இலைக்குள் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, புழுக்கள் சுருட்டைத் துளைத்துவிடும். அவ்வப்போது மூடியைத் திறந்துவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பேழையின் மதிப்போ மரவேலைப்பாட்டிலும் உரியவரின் பெயரிலும் இருந்தது. நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் 1961இல் ஜான் கென்னடிக்குப் பரிசளித்த பேழை 1996இல் நியூயார்க் ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது. அதன் பஞ்சு எப்படி வேலை செய்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஈரத்தை அளக்கும் கருவி மட்டும் முன்பே வந்துவிட்டது. ஜெனீவாவைச் சேர்ந்த டி சோசுயர் தலைமுடியால் இயங்கும் ஈரமானியைப் பற்றி 1783இல் நூல் வெளியிட்டார். ஈரத்தில் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். 20ஆம் நூற்றாண்டில் அதே நகரின் சுருட்டு வணிகர் சீனோ டேவிடாஃப், வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் சேமிப்பறையின் முன்னோடியாகப் பெயர் பெற்றார். வெப்பத்தை விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் பிடித்துவைக்க முடியாது: காற்றிலுள்ள நீர் அப்படியே இருந்தாலும், குளிர்ந்தால் ஒப்பு ஈரப்பதம் ஏறும். 70 விழுக்காடு ஈரம், 70 பாரன்ஹீட் வெப்பம், அதாவது சுமார் 21 செல்சியஸ் என்ற பழைய விதி பரவியதற்கு நினைவில் நிற்கும் எளிமையும் ஒரு காரணம். இன்று 65 விழுக்காடே போதும் என்பவர்கள் பலர்.

பஞ்சைப் போலன்றி ஈரத்தை வாங்கவும் தெரிந்த பொருளாக முதலில் வந்தது புரொப்பிலீன் கிளைக்கால். நீரோடு சரிபாதி கலந்தால் அது ஏறக்குறைய 70 விழுக்காட்டில் ஈரத்தை நிறுத்தும், பூஞ்சணத்தையும் தடுக்கும். அதைவிடச் செம்மையான வழி உப்பு. தெவிட்டிய உப்புக்கரைசல் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிய மூடிய காற்றை ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்திலேயே நிறுத்தும். சமையல் உப்புக்கு அது 75 விழுக்காடு. ஈரமானியைச் சோதிக்கவும் இதே கரைசல் உதவுகிறது. நீராவியை மட்டும் விடும் சவ்வுக்குள் இத்தகைய கரைசலை அடைத்த பொட்டலங்கள் இப்போது 65, 69, 72 எனப் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. அவை வேண்டும்போது ஈரத்தைக் கொடுத்து, மிகுந்தால் வாங்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் கரைசல் காய்ந்து இறுகிப்போனால் பொட்டலத்தை மாற்ற வேண்டியதுதான்.