சாப்பிடாத குழந்தையும் பழி சுமந்த அம்மாவும்

ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு ஒரு சாப்பாட்டுப் பிரச்சனையில்தான் ஆரம்பிக்கிறது என்றால் நம்புவீர்களா? 1938-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வக்கீல், தன் மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் ஒன்றை டைப் செய்து பால்டிமோரில் இருந்த டாக்டர் லியோ கேனருக்கு அனுப்பினார். மகன் பெயர் டொனால்ட் டிரிப்லெட். (பின்னாளில் வங்கியில் வேலை பார்த்து, 2023-ல் தன் 89-வது வயதில் காலமானார்.) கேனர் 1943-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் டொனால்டின் கதை தொடங்குவதே, சாப்பாடு அவனுக்கு எப்போதும் பிரச்சனைதான் என்ற தகவலோடு. மற்ற பிள்ளைகள் மிட்டாயும் ஐஸ்கிரீமும் தின்பதைப் பார்த்தும் அவனுக்கு ஆசை வந்ததில்லையாம்!

அந்தக் கட்டுரையில் மொத்தம் 11 குழந்தைகள். அதில் ஆறு பேருக்குப் பிறந்ததிலிருந்தே உணவுச் சிக்கல். ஒரு பெண் குழந்தைக்கு ஒரு வயது வரை குழாய் வழியாகத்தான் உணவு கொடுத்தார்கள். கேனர் சொன்ன காரணம் இது: தனியாக இருக்க விரும்பும் குழந்தையிடம் வெளியிலிருந்து வந்து நுழையும் முதல் தொந்தரவு உணவு, அதனால் அதை மறுக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உணவு குழந்தையின் நாக்குக்கு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

அதைக் கவனித்தவர் வியன்னாவில் இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர். தான் பார்த்த சிறுவர்களுக்குப் புளிப்பும் காரமும் மிகவும் பிடிக்கும், காய்கறியோ பால் பொருட்களோ பலருக்கு அறவே ஆகாது என்று 1944-லேயே எழுதினார். ஆனால் எழுதியது ஜெர்மன் மொழியில், அதுவும் போர்க்காலத்தில். முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1991-ல்தான்!

இதற்கிடையில் பழி அம்மாக்கள் தலையில் விழுந்தது. ஆட்டிசம் பிறவியிலேயே வருவது என்று 1943-ல் எழுதிய அதே கேனர், சில வருடங்களில் பெற்றோரின் பாசமின்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு புத்தகமே எழுதி அதை ஊரெங்கும் பரப்பினார். ஊட்டி ஊட்டிக் களைத்துப்போன ஒரு தாயிடம் "உன்னால்தான் இப்படி" என்று சொல்வதைவிடக் கொடுமை உண்டா? மூன்று வருடம் முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லேண்ட் இதை எதிர்த்துப் புத்தகம் எழுதியிருந்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. 1969-ல் கேனரே பெற்றோர் கூட்டம் ஒன்றில், உங்கள் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார்.

அம்மா தப்பித்தார், உணவு மாட்டிக்கொண்டது. கோதுமையில் உள்ள குளூட்டனும் பாலில் உள்ள கேசீனும்தான் குற்றவாளிகள் என்ற கருத்து 1990-களில் பெற்றோரிடையே வேகமாகப் பரவியது. ஏற்கனவே நாலைந்து பண்டம் மட்டுமே தொடும் குழந்தையிடமிருந்து ரொட்டியையும் பாலையும் பிடுங்கினால் மிச்சம் என்ன? இந்த உணவுமுறைக்குப் போதிய சான்று இல்லை என்று 2008-ல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

2013-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, ஒலி, மணம், தொடு உணர்வு போன்றவற்றை அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தினமும் ஒரே உணவையே கேட்பதும் உதாரணமாக அதில் இருக்கிறது. கொழகொழவென்று இருப்பதைத் துப்பிவிட்டு மொறுமொறுப்பானதை மட்டும் தின்னும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று திட்டாமல், அதன் வாயில் என்ன நடக்கிறது என்று சிகிச்சையாளர்கள் இப்போது பார்க்கிறார்கள். புது உணவைத் தட்டில் வைத்து, முதலில் தொட, பிறகு முகர விட்டு, வாய்க்குப் போக வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.