இமையோரத்து எண்ணெய்

ஜாதிக்காயை நம் வீடுகளில் உரசி, பாலில் குழைத்து முகத்தில் பூசுவார்கள், காய்ந்ததும் கழுவிவிடுவார்கள். பயற்றமாவும் மஞ்சளும் அப்படித்தான். மஞ்சளின் நிறம் கொஞ்சம் தங்கும், பூசிய விழுது தங்காது. இந்தக் கழுவும் வழக்கத்துக்கு அடங்காதது கண் மை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, மீண்டும் எண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைத்தது அது. வழியாமல், உதிராமல் கண்ணோரத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்த எண்ணெய். சென்னையில் 1938-இல் தொடங்கிய அரவிந்த் லேபரட்டரீஸின் ஐடெக்ஸ் போன்ற கடை மைகள் வந்தபோது மை செய்யும் இடம்தான் மாறியது. மை நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மாறவில்லை.

மை தீட்டும் அதே கண்ணில் அணியும் கான்டாக்ட் லென்ஸின் கதை வேறு. 1888-இல் அடால்ஃப் ஃபிக் கண்ணாடியில் செய்ததை நெடுநேரம் போட்டிருக்க முடியாது. 1961-இல் பிராகில் ஓட்டோ விஹ்டெர்லே நீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸை வார்த்த பிறகே அது அன்றாடப் பொருளாகும் வழி திறந்தது. கண்ணீர்ப் படலத்தில் மிதந்தபடி இருப்பதுதான் அதன் இயல்பு. இமை விளிம்பின் உட்புறம் தீட்டிய மை ஒவ்வொரு சிமிட்டலிலும் அந்தப் படலத்தில் இறங்குகிறது. லென்ஸ் மங்குவதற்கு மையின் தரக்குறைவு காரணம் என்பது பொதுவான எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மங்க வைப்பது மையின் குறை அல்ல, எந்தக் குணத்துக்காக அதைப் போற்றினோமோ அந்தக் குணமே.

வீட்டில் செய்த சுத்தமான மை என்றால் பரவாயில்லையே என்பார்கள். ஈயம் கலந்த சுர்மா என்ற கண் மையோடு ஒப்பிட்டால் அது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விளக்குக் கரி கண்ணீரில் கரையாது. எண்ணெய் எங்கே காய்ச்சினாலும் எண்ணெயே. புதிய லென்ஸ் தீர்த்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. 1990-களின் இறுதியில் வந்த சிலிகோன் ஹைட்ரோஜெல் கண்ணுக்குக் கூடுதல் ஆக்சிஜனை விடுகிறது. பழைய வகையைவிட எண்ணெயையும் எளிதில் பிடித்துக்கொள்கிறது. தினம் ஒன்றாக மாற்றும் லென்ஸில் நேற்றைய படிவு இருக்காது, இன்று காலையில் தீட்டிய மை இருக்கும். ஆகவே மாற வேண்டியது மை தீட்டும் இடமும் வரிசையும்: கை கழுவித் துடைத்து முதலில் லென்ஸ், பிறகு இமைமுடிக்கு வெளியே மட்டும் மை, இரவில் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு அதன்பின் மையைத் துடைப்பது. நடுவே மங்கினால் லென்ஸுக்குரிய திரவத்தில்தான் அலச வேண்டும். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் கூடாது. கருவிழியை அரிக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி அத்தகைய நீரிலும் குழாய் நீரிலும் வாழக்கூடியது.