பழைய மிதிவண்டிகளின் காலக்கணிப்பு

பழைய மிதிவண்டிகளின் காலக்கணிப்பு என்பது முகப்புச் சின்னம், சட்டம், சக்கரக் குடம் முதலிய பாகங்களைக் கொண்டு மிதிவண்டி செய்யப்பட்ட காலத்தை அறியும் முறையாகும்.

முகப்புச் சின்னம்

ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் முதலில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தயாரிக்கப்பட்டு இறக்குமதியாயின. 1949 இல் தொடங்கப்பட்ட டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் பின்னர் அவற்றைச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தயாரித்தது. எனவே சின்னத்தில் பெயருடன் தயாரிப்பு நாட்டையும் நோக்க வேண்டும்.

சக்கரக் குடம்

ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூவேகக் குடங்கள் (ஹப்) பலவற்றில் ஆண்டின் இறுதி இரு இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சான்றாக, 52 என்பது 1952 ஐக் குறிக்கும்.

வரம்புகள்

டயர், தோல் இருக்கை, சக்கரம் ஆகியன பழுதின்போது மாற்றப்படுபவை. ஒரு பாகத்தின் ஆண்டு அப்பாகத்திற்கே உரியது. பல பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் மட்டுமே அதனை வண்டியின் காலமாகக் கொள்ளலாம்.